பயமும் பசியும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



புல்மோட்டையிலிருந்து விடுதிக்கு வந்தவர்கள் நாங்கள் நால்வர். 1990களில் விடுமுறை முடிந்து திரும்பும்போது, சோதனைச் சாவடி வரும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறுவோம். எங்களில் ஒருத்தி வந்த அன்று சோற்றைத் தொடமாட்டாள். பரீட்சைக் காலைகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடுவாள். "நடிக்கிறாள்" என்று நாங்களே சிரித்தோம்.

மருத்துவம் படித்த பின்னர்தான் அவள் நடிக்கவில்லை என்பது விளங்கியது. பயம் வந்ததும் மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி சி.ஆர்.எச். என்ற ஹோர்மோனை விடுவிக்கிறது. அதன் தூண்டுதலால் பிட்யூட்டரி வழியாக அதிரீனல் சுரப்பிகள் கோட்டிசோலைச் சுரக்கின்றன. அதே சி.ஆர்.எச். இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தி, பெருங்குடலின் அசைவை விரைவாக்குகிறது. அவளுக்குச் சோறு இறங்காததும் அவள் கழிவறைக்கு ஓடியதும் ஒரே காரணத்தால்தான்.

குடலுக்கும் சொந்த ஹோர்மோன்கள் உண்டு. 1902 இல் கண்டறியப்பட்ட செக்ரெற்றின் குடலில்தான் சுரக்கிறது. 1999 இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின், இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டுவது. மன அழுத்தத்தில் கிரெலின் கூடலாம். பயந்த நேரத்தில் உண்ணாத சிலர், கவலை நீளும்போது இனிப்பைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக எல்லா வயிற்று வலியையும் மனதின் மேல் போட்டுவிடக் கூடாது. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1982 இல் அவுஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவை வளர்த்துக் காட்டினர். 2005 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே கறுப்பாக மலம் போதல், இரத்த வாந்தி, காரணமின்றி மெலிதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள்.

அண்மையில் புல்மோட்டையில் அந்தத் தோழியின் வீட்டில் கூடினோம். முப்பது வருடம் பிந்திய மன்னிப்பைக் கேட்டோம். "அதை விடுங்க, முதலில சாப்பிடுங்க" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை பரீட்சைக் காலையில் வயிறு வலிக்கிறது என்றால், நாங்கள் சொன்னதைச் சொல்லாதீர்கள். கொஞ்சம் கஞ்சியோ வாழைப்பழமோ கொடுத்து, அவசரப்படுத்தாமல் பக்கத்தில் இருங்கள். மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். வலி தொடர்ந்தால் எங்களிடம் கூட்டி வாருங்கள்.