எலுமிச்சைச் சொறி நோயை ஒன்றுபட்டு ஒடுக்குவோம்
(எலுமிச்சை பயிரிடுவோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காய் பருத்திருக்கிறது, சாற்றிலும் குறைவில்லை. ஆயினும், தோலில் நான்கு சொறிப் புள்ளிகளைக் கண்டவுடன் வியாபாரி அதனைக் கழித்துவிடுகிறார். ஆண்டு முழுதும் பட்ட பாடு வீணாகிறது.

இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர். இலை, இளங்கிளை, காய் ஆகியவற்றில் தக்கை போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றும். இலைப்புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் காணப்படும். காற்றோடு கூடிய மழையில் தெறிக்கும் நீர்த்துளிகளே கிருமியை மரத்திற்கு மரம் கொண்டு செல்கின்றன. முள் கீறிய காயமும், இலைத் துளைப்பான் புழு குடைந்த வழியும் அதற்குத் திறந்த வாயில்கள்.

ஆகவே, மழைக்காலத்திற்கு முன்பே நோயுற்ற கிளைகளை, புள்ளிகளுக்குக் கீழே நல்ல பகுதியோடு சேர்த்துக் கத்தரிக்க வேண்டும். உதிர்ந்த இலைகளையும் கூட்டி எரித்துவிட வேண்டும். காய்க்கும் கிளையை வெட்ட மனம் ஒப்பாதுதான். ஆனால், இரக்கப்பட்டு விட்ட ஒரு கிளையே அடுத்த மழையில் தோட்டம் முழுவதற்கும் நோயை வழங்கும்.

கத்தரித்தவுடனும், புதுத் தளிர் விடும்போதும் ஒரு சதவீதப் போர்டோக் கலவையைத் தெளிக்கலாம். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குக. இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியை நனைத்தெடுத்தால் செம்பு படிந்து சிவக்குமாயின், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே தெளித்துவிடுக. இம்மருந்து வந்த புண்ணை ஆற்றாது, வராமற் காக்கும். புதுக்கன்று வாங்கும்போதும் இலைகளைத் திருப்பிப் பார்த்தே வாங்குதல் நலம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தார் மரங்களையே எரித்து, 1933 அளவில் இந்நோயை ஒழித்தனர். அது பின்னர் மீண்டும் புகுந்தது. புயல்கள் அதனை எங்கும் பரப்பிவிட்டமையால், 2006-ல் ஒழிப்புத் திட்டத்தையே கைவிட்டனர். அவ்வளவு வல்லமை வாய்ந்த பகையை ஒருவர் தனித்து நின்று வெல்லல் அரிது.

நாம் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தபோது, செம்மையாகக் கத்தரித்த ஒரு தோட்டத்திலும் நோய் மீண்டிருக்கக் கண்டோம். வரப்பிற்கு அப்பால் இருந்த தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தது! அதன் உடையவர் சோம்பேறியல்லர். ஆள் வைக்க வசதியற்றவர். வரப்பு நிலத்தைப் பிரிக்கும், நோயைத் தடுக்காது.

எனவே, மழைக்கு முந்திய ஒரு வாரத்தை ஊர் கூடிக் குறித்துக்கொள்வோம். தெளிப்பான் உடையவர் அதனைக் கொடுத்துதவட்டும். உடல் வலிமை உடையவர் அயலார் தோட்டத்திலும் கைகொடுக்கட்டும். அயலார் மரத்தைக் காப்பது நம் மரத்தைக் காப்பதேயாகும்.