மணல் போனால் கிணறும் போகும்

(வடமராட்சி கிழக்கில் கரையோரக் கிராம மக்களும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இம்மண்டபத்தில் மூன்று வகையினரை ஒருங்கே காண்கின்றோம். கடலில் வலை வீசுவோர் ஒருபுறம். வெங்காயமும் புகையிலையும் நட்டு வாழ்வோர் ஒருபுறம். பருத்தித்துறையிலிருந்தும் யாழ்ப்பாண நகரிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகள் இன்னொருபுறம். கடற்கரையைக் காப்பது முதல் வகையினரின் தொழிற்பிரச்சினை, எமக்கென்ன என்று மற்றை இரு வகையினரும் இருந்துவிடுதல் எளிது. அங்ஙனம் இருத்தல் தகாது என்பதை எடுத்துரைக்கவே இங்கு எழுந்து நிற்கின்றோம்.

வல்லிபுரத்திலிருந்து தென்கிழக்கே சுண்டிக்குளம் வரை செல்லும் இக்கரையின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கிழக்கே பெருங்கடல். மேற்கே வடமராட்சி நீரேரி. இரண்டுக்கும் இடையே கிடப்பது மணல். மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், மருதங்கேணி, தாளையடி, உடுத்துறை, வெற்றிலைக்கேணி என்னும் ஊர்களெல்லாம் அந்த மணல்மீதே குடியிருக்கின்றன. கல்லும் மலையும் இல்லாத நாட்டில் இயற்கை எமக்குக் கட்டித் தந்த மதில் இம்மணல்மேடு ஒன்றே.

அது கட்டப்பட்ட விதமும் அறியத்தக்கது. அலை ஒதுக்கும் மணல் வெயிலில் உலர்கிறது. உலர்ந்ததைக் காற்று உள்நோக்கித் தள்ளுகிறது. அதனைத் தடுத்து நிறுத்துவோர் யார்? அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையுமே. கொடி மணலைப் பிடிக்கிறது. மணல் கொடியை மூடுகிறது. மூடிய மணலைத் துளைத்துக் கொடி மீண்டும் மேலெழுகிறது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாய் மேடு வளர்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை அரசியல் மேடைகளில் ஒற்றுமைக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லி, அக்கொடி உண்மையிலேயே ஒரு நாட்டைத் தாங்கி நிற்பதை மறந்துவிட்டோர் பலர்!

கொடியற்ற மணல் என்ன செய்யும் என்பதற்குச் சான்று வேண்டுவோர் மணற்காட்டுக்குச் செல்லட்டும். அங்கே மணல் விழுங்கிய பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிசுவர்கள் நிற்கின்றன. அலையும் மணலைக் கட்டுவதற்கே அவ்வூரில் சவுக்கங்காடு வளர்க்கப்பட்டது. மணலை அகழ்பவர் குவியலை மட்டும் அள்ளிச் செல்வதில்லை. மேலிருக்கும் கொடியையும் வேரோடு கிளறிவிட்டே செல்கிறார். அள்ளியது போக எஞ்சியதும் காற்றோடு போகிறது.

இனிக் கமக்காரர் செவிகொடுக்க வேண்டிய இடத்துக்கு வருகின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழையே எமது ஆறு. நிலத்தின் அடியே எமது குளம். வலிகாமத்திற் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் நன்னீர் நிற்கிறது. இங்கோ மணலின் இடுக்குகளில் நிற்கிறது. இடம் வேறாயினும் விதி ஒன்றே. கடலாற் சூழப்பட்ட நிலத்தின் அடியில் உப்புநீர் பரந்து கிடக்கிறது. பாரம் குறைந்த நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாழ்ந்து நிற்கும். ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தத்தம் நாட்டு மணற்கரைகளிற் கண்டறிந்த கணக்கு இது.

இக்கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி போகும். மணல்மேடு உயர்ந்து நின்றால், பெய்யும் மழை அதனுள் இறங்கி நீர்மட்டத்தை உயர்த்தி வைக்கும். மேட்டை வெட்டிப் பள்ளமாக்கினால் தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகும், நீர்மட்டம் தாழும், அடியிலிருந்து உப்பு மேலேறும். முதலில் கடலோரத்துக் கிணறு கரிக்கும். பின்னர் வெங்காயத் தோட்டத்துக் கிணறு கரிக்கும். ஒரு முறை உவரேறிய கிணற்றைத் திரும்ப நன்னீராக்குவதற்கு ஒரு மாரி போதாது.

உவரைத் தடுக்க எம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமா? தொண்டைமானாற்றில் அணை கட்டிக் கடல்நீரை மறித்தனர். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை வரைந்தார்கள். ஆனையிறவு நீரேரியில் நன்னீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, இரு நீரேரிகளையும் நன்னீராக்குவது அதன் கருத்து. அந்த வடமராட்சி நீரேரியைப் பெருங்கடலிலிருந்து பிரித்து வைத்திருப்பது எது? நாம் பேசிக்கொண்டிருக்கும் இம்மணற்றிடலே. மேற்கே கதவு போட்டுவிட்டுக் கிழக்கே சுவரை இடிப்பவனை என்னென்பது!

இதே கரையில், தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2 கோடியே 40 இலட்சம் லீற்றர் நீரைத் தரவல்லது. கழிவாக வெளியேறும் செறிந்த உப்புநீர் தம் தொழிலைக் கெடுக்கும் எனக் கடற்றொழிலாளர் முன்னரே குரலெழுப்பினர். குடாநாட்டின் தாகம் மெய்யானது. ஆகவே அந்நிலையத்தை நாம் பழிக்க முன்வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்கின்றோம். கடன்பட்டு, மின்சாரம் எரித்து, கடலிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் அதே கரையில், இயற்கை இலவசமாய்ப் பிரித்து வைத்திருக்கும் நன்னீரை டிப்பரில் ஏற்றி அனுப்புவது எந்தப் பொருளாதாரம்?

மணல் ஏன் வெட்டப்படுகிறது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். போர் 2009இல் முடிந்தபோது வீடென்று சொல்ல எம்மக்களுக்கு ஒன்றும் எஞ்சவில்லை. இந்திய அரசின் உதவித் திட்டத்தில் மாத்திரம் வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகளுக்கு ஏற்பாடாயிற்று. பாடசாலை, வைத்தியசாலை, வீதி, பாலம் எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். அகதியாய் அலைந்தவன் கல்வீடு கட்டுவதைக் குற்றமென்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. ஆயின் வீடிழந்தவனின் தேவையைக் காட்டி, அனுமதியில்லாத மணலை இரவோடிரவாய் ஏற்றி விற்றுப் பணம் குவிப்போர் வேறொரு கூட்டத்தார். இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழப்பக்கூடாது.

சட்டம் இல்லையா எனக் கேட்பீர்கள். உண்டு, வேண்டியமட்டும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும் தாழ் நீர்மட்டத்திலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கொண்ட பகுதியைக் கரையோர வலயம் என வகுத்து, அதனுள் அனுமதிப்பத்திரமின்றி அபிவிருத்தி வேலை எதுவும் செய்யலாகாது என்கிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டமோ, வலயத்துக்கு உள்ளேயாயினும் வெளியேயாயினும் மணல் அகழ்வதற்கு உத்தரவு வேண்டும் என்கிறது.

இதிலுள்ள ஓட்டையைச் சட்டம் பயின்றோர் என்ற முறையில் சுட்டிக்காட்டுகின்றோம். மணல்மேடு 300 மீற்றரோடு முடிந்துவிடுவதில்லை, உள்நோக்கிச் செல்கிறது. முந்நூற்றோராவது மீற்றரில் நிற்கும் மேட்டைப் பார்க்கும் பொறுப்பு ஒரு திணைக்களத்தின் கையிலிருந்து நழுவி மற்றொரு பணியகத்தின் மேசைக்குச் செல்கிறது. காற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் அந்த எல்லைக்கோடு தெரியாது! கரையோரம் பேணற் சட்டத்துக்கு 2011இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் சிறப்பு முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனஞ் செய்ய வழிவிட்டிருக்கிறது. வல்லிபுரம் முதல் சுண்டிக்குளம் வரையான மணற்றிடல் முழுவதையும் ஒரே அலகாக அங்ஙனம் பிரகடனஞ் செய்க என்பதே எம் முதற் கோரிக்கை. சுண்டிக்குளத்தில் 1938இல் பறவைகளுக்குச் சரணாலயம் அமைத்து 2015இல் அதைத் தேசியப் பூங்காவாக உயர்த்தத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அடுத்த ஊர் மனிதரின் கிணற்றையும் காக்கத் தெரியவேண்டும்.

அதிகாரம் கொழும்பிலிருப்பதால் நேரும் கேட்டுக்கு ஓர் உதாரணம் போதும். 2019 டிசம்பரில், மணல் ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற நடைமுறையை அரசாங்கம் ஒரே முடிவில் நீக்கியது. நாடெங்கும் ஆற்றங்கரைகளும் கடற்கரைகளும் பட்ட பாட்டை யாவரும் அறிவர். மணற்காட்டுத் திடலையும் மகாவலி மணலையும் ஒரே தராசில் வைத்து ஒரே கையெழுத்தில் தீர்த்துவிடும் ஆட்சிமுறை இது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம், மாகாணத்தினுள் சுற்றாடலைப் பாதுகாப்பதை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, மாகாண சபையின் நிரலிலும் சேர்த்திருக்கிறது. வடமாகாண சபையின் பதவிக்காலமோ 2018 அக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை.

சட்டம் எம் ஊருக்கு வந்த விதத்தையும் சொல்லவேண்டும். 2017 ஜூலையில் மணற்காட்டுப் பக்கத்தில், மணல் ஏற்றிய வாகனமொன்றின்மீது பொலிஸார் சுட்டதில் துன்னாலையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் இறந்தான். இதற்காகவா மணலைக் காக்கச் சொல்கின்றோம்? நாட்கூலிக்கு மண்வெட்டி பிடிப்பவனையும் வாகனம் ஓட்டுபவனையும் துரத்துவது மணலைக் காப்பதாகாது. மணல் எந்த முற்றத்திற் குவிகிறது, எந்தக் கட்டட வேலைக்குச் செல்கிறது, எவர் பெயரில் உத்தரவு பெறப்பட்டது என்பதைத் தொடர்ந்து செல்லவேண்டும். அங்கேதான் பணம் இருக்கிறது. குற்றமும் அங்கேதான் இருக்கிறது.

கடலில் நேரும் அநீதிக்கு நாம் உரத்துக் குரல் கொடுத்தோம். யாழ்ப்பாணத் தமிழ் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தின் வழியே 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. பாக்குநீரிணையைக் கடந்துவரும் இழுவைப் படகுகளைக் கண்டிக்க எல்லாக் கட்சிகளும் போட்டியிடுகின்றன, கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்க்கரைப் படகைத் திட்டுவதற்குத் துணிவு வேண்டியதில்லை. எம்மூர் டிப்பரை மறிப்பதற்கு வேண்டும். அத்துணிவை இந்தக் கரையோரக் கிராமங்களின் சிறு சங்கங்களும் இளைஞர்களும் தாய்மார்களும் காட்டியிருக்கிறார்கள். வீதியை மறித்தவர்கள் அவர்கள். பிரதேச செயலகத்துக்கு மகஜர் கொண்டு சென்றவர்கள் அவர்கள். 2025இல் மன்னார் மக்கள் கனிய மணல் அகழ்வுக்கும் காற்றாலைத் திட்டத்துக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தபோதும் முன்னின்றவர்கள் இத்தகைய எளிய மக்களே.

படித்தோரே, உங்கள் கடன் இங்கேதான் தொடங்குகிறது. நீதிமன்றத்தின் கதவு உழவனுக்கும் திறக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. எப்பாவலையில் பொஸ்பேற்று அகழ்வதற்கு எதிராக அவ்வூர் உழவர்கள் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டில், இயற்கை வளங்களை அரசு தன் விருப்பப்படி செலவிடும் உடைமையாகக் கொள்ளலாகாது, மக்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்கவேண்டும் என்னும் நெறியை உயர்நீதிமன்றம் ஏற்றது. எம் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில், 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு அதே நீதிமன்றம் கட்டளையிட்டது. கிணறு கெட்டபின் கிடைத்த தீர்ப்பு அது. இங்கே கிணறு கெடுமுன் வழக்காடும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

ஆனால் வழக்குக்குச் சாட்சியம் வேண்டும். மேடையில் எழுப்பும் கோஷத்தை நீதவான் ஏற்கமாட்டார். எந்தக் காணி, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை வாகனம், இலக்கத்தகடு என்ன என்று எழுதி வையுங்கள். நில அளவையாளர்கள் இக்கூட்டத்தில் இருக்கிறீர்கள். மேட்டின் உயரத்தை இவ்வாண்டு ஒருமுறையும் அடுத்த மாரி கழிந்து ஒருமுறையும் அளந்து தாருங்கள். விஞ்ஞான ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு மாதந்தோறும் கிணறுகளின் உவரை அளந்து ஏட்டிற் பதியலாம். பொதுத்தொல்லை என்ற அடிப்படையில், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிக் கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் நீதவானிடம் செல்ல அந்த ஏடு எமக்குக் கருவியாகும். அடிப்படை உரிமை வழக்காயின் ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்திற்குச் செல்லவேண்டும். நாளை பார்ப்போம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும்.

வீடு கட்டுவோரிடமும் ஒன்று கேட்கின்றோம். மணல் இறக்கும்போது விலையை விசாரிப்பது போல உத்தரவுப் பத்திரத்தையும் விசாரியுங்கள். பத்திரமில்லாத மணலைத் திருப்பி அனுப்புங்கள். மலிவாய் வந்ததென்று நீங்கள் வாங்கும் ஒவ்வொரு லோட்டின் மிகுதி விலையையும் குடத்தனையில் ஒரு கமக்காரன் தன் கிணற்றால் செலுத்துகிறான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், இப்பிரதேசத்தில் எவருக்கு, எவ்வளவு மணலுக்கு, எந்த இடத்தில் உத்தரவு வழங்கப்பட்டுள்ளது எனக் கேட்கும் விண்ணப்பங்களை அச்சிட்டுக் கொண்டுவந்துள்ளோம். வாயிலருகே மேசையில் இருக்கின்றன. 14 வேலைநாட்களுக்குள் முடிவு அறிவிக்க அதிகாரி கடமைப்பட்டவர். எழுதத் தெரியாதோருக்கு எழுதிக் கொடுக்க இளஞ்சட்டத்தரணிகள் இருவர் அங்கே அமர்ந்திருக்கின்றனர். பேச்சை இவ்வளவில் நிறுத்திக்கொள்கின்றோம், மேசைக்கு வாருங்கள்.