தண்ணீர் ஜக்கை வாங்க முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான குடிநீர், சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முகாமில் இருந்த காலத்தில் தண்ணீர் பவுசரில் வந்தது. வரிசையில் நின்றோம், சண்டை பிடித்தோம், குளோரின் மணக்குது என்று முகம் சுளித்தோம். ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்தமாக்குவது வேறு யாரோ ஒருவரின் பொறுப்பாக இருந்தது. இன்று நீங்கள் சொந்தக் காணிக்கு வந்துவிட்டீர்கள். கிணறு உங்களுடையது. அதில் இருந்து பிள்ளையின் கோப்பைக்கு வரும் தண்ணீருக்கான பொறுப்பும் உங்களுடையது.

கடந்த சில வாரங்களாக வீடு வீடாகப் போகும்போது ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். "ரவுணில் தண்ணீர் வடிக்கிற பிளாஸ்ரிக் ஜக் விற்கிறார்கள். விலையும் பரவாயில்லை. வாங்கலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பல வருடங்கள் ஆளில்லாமல் கிடந்த கிணறு அது. உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமல் யாரும் இறங்க வேண்டாம். கொழுவி போட்டுத் துழாவவும் வேண்டாம். வெடிபொருட்கள் கிடக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் விலகி வந்து, கிராம சேவையாளருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் ஆபத்து. அதன் புகை கிணற்றுக்குள் தேங்கி ஆளைக் கொல்லும். கிணறு இறைத்துத் துப்புரவாக்கியதும், குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். இதற்குப் பிறகுதான் வீட்டு வடிகட்டியைப் பற்றிய பேச்சு.

இனி அந்த ஜக்குக்கு வருவோம். அதற்குள் ஒரு சிறிய உருளை இருக்கிறது. மேற்பகுதியில் ஊற்றும் தண்ணீர் அந்த உருளை வழியாகச் சொட்டிக் கீழே சேரும். உருளைக்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டு பொருட்கள். ஒன்று விசேடமாகப் பதப்படுத்திய கரி. மற்றது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைப் பிடிக்கும் சிறு குருணிகள். கரி மணத்தையும் நிறத்தையும் குளோரினையும் எடுக்கும். குருணிகள் சுண்ணாம்பைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும், தேநீர் நன்றாக இருக்கும், கேத்திலில் வெள்ளைப் படிவு குறையும். இவ்வளவும் உண்மை.

ஆனால் கிருமி? சாதாரண ஜக் கிருமிகளை அகற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஏற்கெனவே சுத்திகரித்துக் குழாயில் வரும் தண்ணீரின் சுவையைத் திருத்துவதற்காகச் செய்யப்பட்டது. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில், பாதுகாப்பான தண்ணீரை மட்டும் ஊற்றும்படி எழுதியிருக்கும். அதை நாங்கள் வாசிப்பதில்லை.

என் அக்காவும் வாசிக்கவில்லை. வீடு திரும்பிய முதல் மாதம், தம்பி அனுப்பிய காசில் அவர் ஒரு ஜக் வாங்கினார். கிணற்றுத் தண்ணீர் அதில் விழுந்து கண்ணாடி போலத் தெளிந்தது. "இனிக் கொதிக்க வைக்கத் தேவையில்லை, விறகும் மிச்சம்" என்று சந்தோசப்பட்டார். மூன்றாம் கிழமை அவருடைய சின்ன மகனுக்கு வயிற்றோட்டம். கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராத நிலையில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளை தப்பிவிட்டான். ஜக்கைக் குறை சொல்லி என்ன பயன்? அது செய்யாத வேலையை நாங்கள் அதனிடம் எதிர்பார்த்தோம். தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல என்பதை அன்று படித்தோம். நானே இந்த வேலையில் இருந்தும் அக்காவுக்கு முதலே சொல்லாமல் விட்டேன். அதனால்தான் இப்போது போகும் இடமெல்லாம் சொல்கிறேன்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். எதைக் காட்டினாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இது கிருமியை அகற்றுமா? கடைக்காரர் தலையாட்டினால் போதாது. பெட்டியில் பக்டீரியாவை அகற்றும் என்று எழுதியிருக்கிறதா, அதைப் பரிசோதித்த நிறுவனம் ஒன்றின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மணம், சுவை, குளோரின் என்று மட்டும் எழுதியிருந்தால் அது கிருமிக்கான வடிகட்டி அல்ல.

இரண்டாவது, உருளை எத்தனை லீற்றருக்கு உழைக்கும்? ஜக்கின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள், உருளையின் விலையைப் பாருங்கள். கணக்கு இப்படி. ஓர் உருளை 150 லீற்றருக்கு என்று பெட்டியில் இருக்கிறது என்று வைப்போம். கூடவே "ஒரு மாதத்துக்கு" என்றும் எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு 5 லீற்றர் வடித்தால்தான் அது ஒரு மாதம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 3 லீற்றர் என்றால் நாளுக்கு 15 லீற்றர். அப்படியானால் அந்த உருளை 10 நாளில் முடிந்துவிடும். மாதத்துக்கு மூன்று உருளை. அந்தக் காசு மாதாமாதம் உங்களிடம் இருக்குமா?

மூன்றாவது, மாற்று உருளை இங்கே கிடைக்குமா? ஜக் கிடைத்த கடையில் ஆறு மாதம் கழித்து உருளை கிடைக்காவிட்டால், உங்களிடம் இருப்பது ஒரு விலை கூடிய பிளாஸ்ரிக் பாத்திரம் மட்டுமே. தேய்ந்த உருளையைத் தொடர்ந்து பாவிப்பது இன்னும் மோசம். ஈரமான கரிக்குள் கிருமிகள் தங்கி வளரும்.

நான்காவது, மூடியும் குழாயும் இருக்கிறதா? வடித்த தண்ணீருக்குள் கோப்பையை விட்டு அள்ளினால், கையில் உள்ள அழுக்கு முழுவதும் தண்ணீருக்குள். மூடியும் கீழே திறக்கும் குழாயும் உள்ள பாத்திரமே நல்லது.

ஐந்தாவது, உங்கள் கிணற்றில் என்ன குறை? இதைத் தெரியாமல் வடிகட்டி வாங்குவது, நோய் என்னவென்று கேட்காமல் மருந்து வாங்குவது போல. சவர்க்காரம் நுரைக்கவில்லை, கேத்திலில் வெள்ளை படிகிறது என்றால் அது சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது சாதாரணம். வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் அது கிருமி அல்ல. உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு ஆகியவை வேறு. உப்பு நாக்கில் தெரியும். மற்ற இரண்டும் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இவற்றுக்குச் சாதாரண ஜக்கும் உதவாது, மண்பானை வடிகட்டியும் உதவாது, கொதிக்க வைப்பதும் உதவாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி அவை இன்னும் செறியும். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்றைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராம், புளோரைட்டு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு நைத்திரேற்றுக் கூடிய தண்ணீர் ஆபத்தானது. பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை கண்டால் புளோரைட்டைச் சந்தேகியுங்கள். பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீர் மாதிரியைப் பரிசோதிக்க வழி கேளுங்கள். கூடுதலாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு கிணற்றுத் தண்ணீரோ மழைநீரோதான் வழி.

"அப்படியென்றால் மலிவாக எதைத்தான் வாங்குவது?" என்று கேட்பீர்கள்.

எங்கள் கைக்கு எட்டிய ஒன்று மண்பானை வடிகட்டி. களிமண்ணோடு உமித்தூளோ மரத்தூளோ கலந்து பானையாக்கிச் சுடுவார்கள். சூளையில் உமி எரிந்துபோக, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மிஞ்சும். அதற்கு வெள்ளிக் கரைசல் பூசுவார்கள். துளை கிருமியைத் தடுக்கும், வெள்ளி கிருமி வளர விடாது. 1981 இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் ஏழைக் குடும்பங்களுக்காக இதை உருவாக்கினார். பின்னர் பல நாடுகளில் குயவர்கள் செய்யத் தொடங்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் செய்து கொடுக்கப்பட்டது. பானை நிறைந்திருக்கும்போது மணித்தியாலத்துக்கு 1 முதல் 3 லீற்றர் வரை வடியும். இரவு படுக்கமுன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நிரப்பினால் ஒரு குடும்பத்தின் குடிநீருக்குப் போதும்.

வாங்கும்போது பானையை விரலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் வெடிப்பு இருக்கலாம். வீட்டில் வைத்த பிறகு ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு வடிகிறது என்று அளந்து பாருங்கள். மிக வேகமாக ஓடினால் சந்தோசப்பட வேண்டாம். துளை பெரிது அல்லது வெடிப்பு என்று அர்த்தம். முதல் இரண்டு மூன்று தடவை வடிந்ததை ஊற்றிவிடுங்கள். நாள் போக வடிதல் குறைந்தால் சுத்தமான தூரிகையால் உட்புறத்தை மெதுவாகத் தேயுங்கள். பானைக்குச் சவர்க்காரம் போடவே கூடாது. கீழ்ப்பாத்திரத்தை மட்டும் சவர்க்காரமிட்டுக் கழுவி, வடித்த தண்ணீரால் அலசுங்கள். வெடித்த பானையில் பூக்கன்று நடுங்கள், தண்ணீர் வடிக்காதீர்கள்.

மெழுகுதிரி போன்ற வெள்ளை உருளை பொருத்திய வடிகட்டியும் கடைகளில் உண்டு. அதுவும் இதே இனம்தான். ஆனால் தரம் ஒன்றுக்கொன்று மிகவும் வித்தியாசம். முதல் கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.

மண்பானைக்கும் ஒரு குறை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். பக்டீரியாவை நன்றாகத் தடுக்கும், ஆனால் அதைவிடச் சிறிய வைரசுகளை நம்பும்படி தடுக்காது. செங்கண்மாரியைக் கொண்டுவருவது வைரசு. ஆகவே வெள்ளம் வந்து கிணறு நிரம்பிய நாட்களிலும், ஊரில் வயிற்றோட்டமோ செங்கண்மாரியோ பரவும்போதும், சின்னப் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும் வடித்த தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

காசே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பெரிய குமிழிகள் எழும்பித் தண்ணீர் புரண்டு கொதித்தால் ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் கொதிக்க வைத்து விறகை வீணாக்கத் தேவையில்லை. மூடியபடியே ஆற விடுங்கள். விறகும் இல்லையா? நிறமற்ற தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில், 2 லீற்றருக்கு மேற்படாமல், கலங்கல் இல்லாத தண்ணீரை நிரப்பி, தகரத்தின் மேல் 6 மணித்தியாலம் நல்ல வெயிலில் கிடத்துங்கள். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள். குளோரின் கிடைத்தால், சொல்லப்பட்ட அளவில் கலந்து 30 நிமிடம் பொறுத்துக் குடியுங்கள்.

ஏற்கெனவே ஜக் வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டாம். ஆனால் ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலில் ஜக்கில் வடியுங்கள், பிறகு கொதிக்க வையுங்கள். கொதித்தாறிய தண்ணீரைத் திரும்ப ஜக்கில் ஊற்றினால் உருளையில் உள்ள கிருமி அதில் சேரும். குளோரின் போட்ட தண்ணீரையும் ஜக்கில் ஊற்ற வேண்டாம். முகாமில் எங்களுக்குப் பிடிக்காமல் இருந்த அந்த மணம்தான் தண்ணீருக்குக் காவல். கரி அந்தக் காவலை எடுத்துவிடும்.

கடைசியாக, புது மலசலகூடக் குழி வெட்டும்போது கிணற்றில் இருந்து குறைந்தது 30 மீற்றர், ஏறத்தாழ 100 அடி, தள்ளி வெட்டுங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்கு இன்னும் தூரம் ஓடும், இன்னும் தள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் நினைத்து அளவுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், தண்ணீரே வேண்டாம். வயிற்றோட்டம் கண்டால் கொதித்தாறிய தண்ணீரில் ஜீவனி கரைத்துக் கொடுத்தபடியே வைத்தியசாலைக்குப் போங்கள். காத்திருக்க வேண்டாம்.

இழந்தவை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவையும் தாண்டிக் கொண்டுவந்த பிள்ளையை ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இழக்கக் கூடாது. கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் நிற்பேன். உங்கள் வீட்டு வடிகட்டியின் பெட்டியோ உருளையோ இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.