ரகசியம் யாருக்கு?



வங்கியில வாடிக்கையாளர் கணக்கை அடுத்தவருக்குக் காட்டமாட்டேன். அது அவரோட ரகசியம். மேய்ச்சல் நிலத்தை ஆலைக்கு ஒதுக்குற கோப்பு யாரோட ரகசியம்?

‘வணிக ரகசியம்’ என்று மனுவைத் திருப்பினால் ஓய்ந்துவிடாதீர்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் திறக்கச் சொல்கிறது. 10ஆம் பிரிவு, மறைக்கவேண்டிய பகுதியை மட்டும் நீக்கி மீதியைத் தரச் சொல்கிறது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்க. மறுத்தது சரி என்று நிரூபிக்கவேண்டியவர் அதிகாரிதான், 19(5) பாருங்க.

உயிருக்கு ஆபத்து என்றால் தகவலை மறைக்கவும் அதே 8ஆம் பிரிவு இடம் தருகிறது. பஞ்சமி நிலத்துக்குச் சாட்சி சொல்ற கூலிக்காரர் பெயரை மறைக்கட்டும். ஆக்கிரமித்தவர் பட்டாவை எதுக்கு மறைக்கணும்?

எழுதிக் கேளுங்க. ரசீது வாங்குங்க.