செங்கல்லைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா?

வீடு கட்ட நினைத்தால் நாம் முதலில் தேடிப் போவது வட்டிக்காரனை. கொத்தனாரிடம் அப்புறம்தான் போகிறோம். ஆகவே பணம் எங்கே கரைகிறது என்று பார்ப்போம்.

1917-ல் இங்கிலாந்தில் பிறந்து 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமான லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய சுவர்களைப் பாருங்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடுகிறார்கள். 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். அதே ஒன்பது அங்குலச் சுவர்தான். செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெயிலை மட்டுப்படுத்தும்.

கூரையிலும் அப்படித்தான். கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் வெறும் பாரம். அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து வார்த்தால் சிமெண்டு குறையும், பாரம் குறையும், கம்பியும் குறையும்.

"ஏழைக்கு மட்டும் மட்டமான வீடா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி! உள்ளூரில் பொருளாதார அறிஞர்கள் அமர்ந்து ஆராய்ச்சி செய்யும் வளர்ச்சி ஆய்வு மையமே பேக்கர் முறையில் எழுந்ததுதான். 1985-ல் திருச்சூரில் இம்முறையைப் பரப்பத் தோன்றிய காஸ்ட்ஃபோர்டுக்குத் தலைவராக இருந்தவர் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன்.

மொத்தச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் காண்ட்ராக்டர் இதை நமக்குச் சொல்வாரா? கொத்தனாரிடம் பேசுங்கள். அடிவரிசையும் கதவு ஜன்னல் ஓரங்களும் கெட்டியாகவே இருக்கவேண்டும். செங்கல் கோணலாக இருந்தால் இந்தக் கட்டு சரிப்படாது. சூளையிலேயே பார்த்து வாங்குங்கள்.