எந்த முறை நல்ல முறை?



சோடாப் புட்டியின் மூடியைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்கி வழிகிறது. மெல்லத் திறந்தால் அடங்கி வருகிறது. ஆழ்கடலில் மூழ்குபவரின் உடலும் ஏறக்குறைய அப்படித்தான். கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுகளில் வலியைத் தரும். முதுகுத்தண்டைத் தாக்கினால் கால்களை முடக்கிவிடவும் கூடும்.

ஆகவே இடையிடையே நின்று ஏறவேண்டும். எங்கே நிற்பது? 1908ஆம் ஆண்டில் ஹால்டேன் என்ற அறிஞர், துணைவர் இருவருடன், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, ஏறும் முறையை வகுத்து வெளியிட்டார். அதன்படி முதலில் கணிசமான உயரம் ஏறி, பிறகு ஆழம் குறைந்த இடங்களில் நிற்கவேண்டும்.

பிற்காலத்தில் ஹவாய்த் தீவின் மீன் ஆய்வாளர் ரிச்சர்ட் பைல் ஒன்றைக் கவனித்தார். மீன் பிடித்த நாள்களில் அவருக்குக் களைப்புக் குறைவு. மேலேறும்போது மீனின் காற்றுப்பை உப்பிவிடும். அதை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற, அவர் ஆழத்திலேயே சற்று நின்றார். அந்த நிற்றலே நன்மை செய்ததோ என்று எண்ணினார். நல்ல கவனிப்பு! குமிழிகளைத் தொடக்கத்திலேயே அடக்கலாம் என்ற கொள்கையும் அதற்குத் துணை நின்றது. பலர் அவ்வழியைப் பின்பற்றி, "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றனர்.

இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். முறையாக மூழ்குவோருக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. நூறு தடவை ஒருவர் நலமாக எழுந்தார் என்பதால் அவர் முறையே சிறந்தது என்றாகாது. குறையுள்ள முறையிலும் தப்பியிருக்கலாம். தோட்டத்தில் ஒரு நிரைக்கு உரமிட்டோம், பால் கூடியது. அம்மாதம் மழையின்றி வெட்டு நாள்களும் கூடியிருந்தால், பெருமை உரத்துக்கா, வானத்துக்கா?

அமெரிக்கக் கடற்படையினர் இதை நேர்மையாகச் சோதித்தனர். முடிவு 2011இல் வெளியாயிற்று. இரு முறைக்கும் ஒரே ஆழம், 52 மீட்டர், அடியில் ஒரே 30 நிமிடம், ஒரே உழைப்பு, நிற்கும் நேரமும் மொத்தம் 174 நிமிடமே. வேறுபாடு ஒன்றுதான்: ஒரு முறையில் முதல் நிறுத்தம் 21 மீட்டரில், மற்றதில் 12 மீட்டரில்.

ஆழத்தில் நின்ற 198 முழுக்குகளில் 11 பேருக்கு நோய் கண்டது. மற்ற 192இல் மூவருக்கே. பின்னர் மறு ஆய்வில் 11இல் ஒன்றை விலக்கினர். அப்போதும் முடிவு மாறவில்லை. வேறுபாடு தெளிவாகவே, சோதனையைப் பாதியில் நிறுத்தினர். ஆழத்தில் நிற்கையில், மெதுவாக வாயு ஏற்கும் திசுக்கள் இன்னும் நைட்ரஜனை வாங்கிக்கொண்டே இருந்தன என்பதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம்.

ஆனால் இச்சோதனையையும் அளவோடுதான் கொள்ளவேண்டும். ஓர் ஆழம், ஒரு நேரக்கணக்கு, சுவாசிக்கச் சாதாரணக் காற்று. இவற்றுக்கே அது நேரடிச் சான்று. எல்லா ஆழத்துக்கும் அதுவே இறுதித் தீர்ப்பு அன்று.

நேயர்களே, மருந்தானாலும் உரமானாலும், இது சிறந்தது என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டார்கள்? மற்றவை யாவும் சமமாக இருந்தனவா? எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? அனுபவம் கேள்வியை எழுப்பும். நேர்மையான சோதனையே விடை சொல்லும்.