கண் அழுத்த நோயும் நம் அன்றாடப் பழக்கங்களும்

(சித்தூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. பதினொரு வருஷமாகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும் நோயாளி. அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

என் தகப்பனார் வருஷா வருஷம் அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறித் திருமலைக்குப் போவார். கடைசி இரண்டு வருஷம் படியில் கால் தடுக்கியது. க்யூவில் பக்கத்தில் நிற்பவர்மேல் இடித்துக்கொண்டார். "வயசாகிவிட்டது" என்று விட்டுவிட்டோம். ஆனால் பெருமாளை நன்றாகவே தரிசித்தார், பஞ்சாங்கமும் படித்தார். கிளாக்கோமாவில் பக்கப் பார்வைதான் முதலில் போகும்; நேர்ப்பார்வை கடைசியில்தான் போகும். பெரும்பாலும் வலியும் இராது. எங்களுக்குத் தெரிந்தபோது அவருக்கு ஒரு கண் போய்விட்டிருந்தது.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சிறுகச் சிறுகப் பட்டுப்போகிறது. புரைக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். இதில் போனது போனதுதான். மீதி இருப்பதைக் காப்பாற்றலாம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் 1996 முதல் 2000 வரை ஆந்திராவில் நடத்திய ஆய்வில், இந்நோயின் பொதுவான வகை இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் உள்ளவர்கள், சர்க்கரை வியாதியோ அதிகமான கிட்டப்பார்வையோ உள்ளவர்கள் அவசியம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது போதாது. அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 வரை இருக்கும். அதற்குள் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே நரம்பையும் பக்கப் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். முன்பு நாம் சென்னைக்கோ வேலூருக்கோ ஓடினோம். 2019 முதல் திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது.

இனி பழக்கங்கள்:

1. சொட்டு மருந்தை ஒரு வேளையும் விடக்கூடாது. ஏகாதசி உபவாசமென்று நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். ஒரு சொட்டு போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி வேண்டும்.

2. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில சொட்டு மருந்துகள் மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

3. சிரசாசனம் வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. நடைப்பயிற்சி நல்லது.

4. காலையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

5. கண் சிவந்தால் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். அதுவே இந்நோயை வரவழைக்கும்.

திடீரென்று கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் பித்தம் என்று சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிராமல் அன்றே டாக்டரிடம் போங்கள். கைக்குழந்தைக்குக் கண் பெரிதாக, நீர் வடிந்து, வெளிச்சத்தில் கூசினால் "அழகான கண்" என்று மகிழ வேண்டாம், உடனே காட்டுங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது கூடுதலாக வருகிறது.

அப்பாவுக்குப் பார்த்த டாக்டர், பிள்ளைகளையும் வரச் சொன்னார். என் தங்கை மறுவாரமே போனாள். ஆரம்பத்திலேயே பிடித்ததால் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. "ஆபீஸில் லீவு இல்லை" என்று நான் மூன்று வருஷம் தள்ளினேன். இடது கண்ணில் அந்த மூன்று வருஷத்தின் இருட்டு இன்னும் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை இப்போது அதே லீவுக் கதையைச் சொல்கிறான். நான் விடப்போவதில்லை. நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.